தேய்ந்துபோன பெயர்

குழந்தைகளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதுதான் அவளுடைய வேலை. அதற்கு மாதச் சம்பளம், வருடாந்திர உயர்வு, மதிய இடைவேளை எல்லாம் உண்டு. இதைக் கேட்டதும் அவளுடைய நாத்தனார் வாய்விட்டுச் சிரித்தாள். நான் தினமும் வீட்டில் தொண்டை கிழியக் கத்துகிறேனே, எனக்கு யார் தருகிறார்கள் என்று கேட்டாள். நியாயமான கேள்விதான். ஆனால் நாத்தனார் கூப்பிட்டால் பிள்ளைகள் வந்தாக வேண்டும். இவள் கூப்பிட்டால் யாரும் வரவேண்டியதில்லை, திரும்புகிறார்களா என்று தெரிந்தால் போதும்.

வேலை செய்யும் இடம் ஓர் ஆய்வு மையம். கீழே பல் மருத்துவமனை, நடுவில் ஏதோ காப்பீட்டு அலுவலகம், மேல்தளத்தில் இவர்கள். பேச்சு சரியாக வராத வயதிலேயே ஆட்டிசத்தின் அறிகுறிகளை எப்படிக் கண்டுகொள்வது என்று அங்கே பல வருடங்களாக ஆராய்கிறார்கள். முக்கியமான அறை ஒன்றுதான். தரையில் சாம்பல் நிற விரிப்பு, தாழ்வான மேசை, ஒரு பெட்டி நிறைய பொம்மைகள், மூலைக்கொன்றாக கேமராக்கள். ஒரு பக்கச் சுவரில் பெரிய கண்ணாடி. அறைக்குள் இருப்பவர்களுக்கு அது முகம் பார்க்கும் கண்ணாடி. அந்தப் பக்கம் இருட்டில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு அது ஜன்னல்.

குழந்தை மேசையருகே விளையாடிக்கொண்டிருக்கும். அம்மாவோ அப்பாவோ மூலை நாற்காலியில் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். இவள் குழந்தையின் பின்னால், கண்ணில் படாத இடத்தில் நின்று அதன் பெயரைச் சொல்வாள். சத்தமாகக் கூடாது, கொஞ்சலாகவும் கூடாது. வா என்கிற இழுப்பு குரலில் இருக்கவே கூடாது. எல்லாக் குழந்தைக்கும் ஒரே குரல். பிறகு காத்திருக்க வேண்டும். குழந்தை திரும்பிப் பார்த்தால் சிரிக்கக் கூடாது. பார்வையைக் கையிலுள்ள குறிப்பு அட்டைக்குத் தாழ்த்திவிட வேண்டும். பெயர் சொன்னால் திரும்பாத குழந்தைகளைக் கவனமாகப் பார்க்க வேண்டும் என்பது ஆய்வின் ஒரு பகுதி. அது பல அறிகுறிகளில் ஒன்று மட்டுமே. அதை மட்டும் வைத்துக்கொண்டு அங்கே யாரும் எதையும் முடிவு செய்வதில்லை.

அந்தக் குரல் அவளுக்குச் சும்மா வந்துவிடவில்லை. மையத்தின் தலைவி டாக்டரம்மா, வந்த புதிதில் இவள் கூப்பிட்டதைப் பதிவு செய்து திரும்பத் திரும்பப் போட்டுக் காட்டினார். உன் குரலில் இன்னும் பாசம் ஒட்டிக்கொண்டிருக்கிறது, துடை என்றார். இவளும் துடைத்தாள். துடைத்துத் துடைத்துக் கழுவிய தட்டு மாதிரி ஆக்கினாள். பிறகு மையத்தில் அவளுக்குக் குரலக்கா என்றே பெயர் விழுந்துவிட்டது. வேறு ஊர்களிலிருந்து வந்த ஆய்வாளர்கள்கூட அந்தக் குரலைக் கேட்டுத் தலையாட்டிவிட்டுப் போனார்கள்.

அவளுக்கு இன்னொரு வேலையும் இருந்தது. டாக்டரம்மா முடிவைச் சொன்ன பிறகு பெற்றோரை லிஃப்ட் வரை கூட்டிப்போவது அவள்தான். அந்தச் சின்ன நடையில்தான் அம்மாக்கள் கேட்பார்கள். வயிற்றில் இருக்கும்போது நான் வேலைக்குப் போனேன், அதனாலா. போனைக் கையில் கொடுத்தேன், அதனாலா. நாங்கள் வீட்டில் அதிகம் பேசிக்கொள்ள மாட்டோம், அதனாலா. இவள் ஒரு வாக்கியம் வைத்திருந்தாள்.

"நீங்க எதுவும் தப்பு பண்ணல." அங்கே ஒரு சின்ன இடைவெளி விடுவாள். "நீங்க என்ன பண்ணியிருந்தாலும் இது இப்படித்தான் இருந்திருக்கும்."

பொய்யில்லை. வளர்ப்பினால் வருகிறது என்பது ஒரு காலத்தில் அம்மாக்களைத் தலைகுனிய வைத்த பழி, இன்று அதை நம்பும் ஆய்வாளர் யாரும் இல்லை. வாக்கியத்தை டாக்டரம்மா ஒருநாள் தற்செயலாகக் கேட்டுவிட்டு, எல்லோரும் இதையே சொல்லுங்கள் என்று உத்தரவே போட்டார். இவளுக்கு உள்ளூரப் பெருமை. ஒரே ஒரு அம்மா மட்டும் அதைக் கேட்டு ஆறுதலடையவில்லை. அறுந்த செருப்பைக் கையில் பிடித்தபடி நின்ற அந்தப் பெண், இவளை ஏறிட்டுப் பார்த்துக் கேட்டாள்.

"அப்போ நான் மாத்திக்கிறதுக்கு ஒண்ணுமே இல்லையா?"

இவள் ஏற்கெனவே எரிந்துகொண்டிருந்த லிஃப்ட் பொத்தானை மறுபடி அழுத்தினாள்.

இனி வீட்டுக்குப் போவோம். குரலக்காவுக்கு ஒரு மகள், இரண்டு வயது தாண்டியவள். அப்பா வைத்த செல்லப்பெயர் சிட்டு. ஆவணங்களில் வேறு பெயர். அதைத் தேர்ந்தெடுப்பதற்குள் இரண்டு குடும்பங்களும் அடித்துக்கொள்ளாத குறை. மாமியார் ஒரு வாரம் பேசவில்லை. அந்தப் பெயரை நான் இங்கே சொல்லப்போவதில்லை. அது ஏற்கெனவே போதுமான அளவு உபயோகிக்கப்பட்டுவிட்டது.

எப்படித் தொடங்கியது என்றால், ஒரு சாயங்காலம் சிட்டு வாஷிங் மெஷினுக்கு முன்னால் உட்கார்ந்து, கண்ணாடிக் கதவுக்குள் துணிகள் சுற்றுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். குரலக்கா சமையலறை வாசலில் நின்று பெயரைச் சொன்னாள். கூப்பிட ஒரு காரணமும் இல்லை. குழந்தை திரும்பவில்லை. துணி சுற்றுவதில் மூழ்கியிருக்கிறாள் என்று தன்னைச் சமாதானப்படுத்திக்கொண்டு இன்னொரு தடவை சொன்னாள். சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு தடவை. மறுநாள் காலையில் பல் தேய்த்துவிட்டு ஒரு தடவை.

பிறகு அது கை அரிப்பு மாதிரி ஆகிவிட்டது. வாசல்படியிலிருந்து, சோபாவுக்குப் பின்னாலிருந்து, குழந்தையின் கண்ணில் படாத இடமாகப் பார்த்து நின்று கூப்பிடுவாள். காத்திருப்பாள். முதலில் சில சமயம் சிட்டு திரும்பவும் செய்தாள். திரும்பினால் குரலக்காவுக்கு நெஞ்சிலிருந்து ஒரு கல் இறங்கும். ஆனால் பழக்கம் விடுமா? முகத்தை அசைக்காமல் கையிலிருக்கும் பாத்திரத்தைப் பார்ப்பாள். குழந்தை கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுத் தன் வேலையைப் பார்க்கப் போய்விடும். நாளாக ஆகத் திரும்புவது குறைந்தது. பிறகு நின்றே போனது.

கணவன் லிஃப்ட் மெக்கானிக். அதிகம் பேசாதவன், பேசினால் அதில் ஏதாவது ஒரு கிண்டல் இருக்கும். ஒரு விடுமுறை நாளில் அவள் இப்படிக் கூப்பிடுவதைத் தரையில் படுத்தபடி பார்த்துக்கொண்டிருந்தவன் எதற்குக் கூப்பிட்டாய் என்று கேட்டான். சும்மாதான் என்றாள்.

"சும்மா கூப்பிட்டா அவ எதுக்குத் திரும்பணும்? நீ கூப்பிடுறது எப்படி இருக்கு தெரியுமா, ஆஸ்பத்திரியில அடுத்த டோக்கன் யாருன்னு கேக்குற மாதிரி இருக்கு."

சொல்லிவிட்டு அவன் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை. ஏனென்றால் மையத்தில் ஒரு விதி உண்டு. ஒரு குழந்தையை ஓர் அமர்வில் சில தடவைக்கு மேல் கூப்பிடக் கூடாது. பெயரைச் சொல்லி, அதன் பிறகு ஒன்றுமே நடக்கவில்லையென்றால், எந்தக் குழந்தையும் கொஞ்ச நாளில் திரும்புவதை விட்டுவிடும். பெயர் மின்விசிறிச் சத்தம் மாதிரி ஆகிவிடும். விதியை உருவாக்கிய கூட்டத்தில் இவளும் உட்கார்ந்திருந்தாள். மற்ற குழந்தைகளுக்கு அவ்வளவு ஜாக்கிரதை. சொந்த மகளின் பெயரை மட்டும் மாதக்கணக்கில் கூப்பிட்டுக் கூப்பிட்டுத் தேய்த்துவிட்டிருக்கிறாள்.

அன்று குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது அவளுக்குள் வெட்கம் இருந்தது, பயம் இருந்தது. அவற்றுக்கு அடியில் ஒரு நிம்மதியும் இருந்தது. என்னால் கெட்டது என்றால் என்னால் சரியாகும். இதை யாரிடமும் சொல்லவில்லை. ஆனால் அந்தக் குற்றத்தை அன்றிலிருந்து கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள்.

மற்ற விஷயங்களுக்கெல்லாம் காரணம் தயாராக இருந்தது. சிட்டு எதையும் விரல் நீட்டிக் காட்டுவதில்லை. எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிற சின்ன வீடு, இதில் எதைச் சுட்டிக்காட்டுவது? ஏதாவது வேண்டுமென்றால் அம்மாவின் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்க் குழாய் மீதோ அலமாரி மீதோ வைப்பாள், முகத்தைப் பார்க்க மாட்டாள். அது புத்திசாலித்தனம். பேச்சு வரவில்லை. மாமியார் தொலைபேசியில் சொன்னபடி அவர்கள் குடும்பத்தில் எல்லோரும் தாமதம். ஊரார் குழந்தை ஒன்று இப்படி அறைக்குள் நுழைந்திருந்தால், நுழைந்த வேகத்திலேயே குரலக்கா நிமிர்ந்து உட்கார்ந்திருப்பாள்.

அவளுக்கு ஓர் ஆதாரமும் கிடைத்திருந்தது. சிட்டு என்ற பெயரை அவள் உபயோகித்ததே இல்லை, அது அப்பாவின் சொத்து. சாயங்காலம் அவன் இடுப்புச் சாவிகளைக் கழற்றியபடியே உள்ளே நுழைந்து சிட்டு என்றால் குழந்தை சட்டென்று திரும்பும். எனக்குத் திரும்புகிறாள், உனக்குத்தான் திரும்ப மாட்டேன் என்கிறாள் என்று அவன் பெருமையடித்துக்கொள்வான். அந்தப் பெருமை அவளுக்குத் தேன் மாதிரி இனித்தது. தேயாத பெயருக்குக் குழந்தை திரும்புகிறது. அப்படியென்றால் பழுது பெயரில்தான்.

டாக்டரம்மா குழந்தையைக் கூட்டிவா என்று ரொம்ப நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தார். ஊழியர்களின் பிள்ளைகளை ஆய்வில் சேர்ப்பதில்லை, தனியாகப் பார்க்கலாம். குரலக்கா ஒரு நிபந்தனையோடு சம்மதித்தாள். ஆவணப் பெயர் வேண்டாம், சிட்டு என்றே கூப்பிடுங்கள். ஏன் என்று கேட்ட டாக்டரம்மாவிடம் வீட்டில் அதுதான் புழக்கம் என்று மட்டும் சொன்னாள்.

கூப்பிடப்போவது பூனை. அது அவளுடைய சக அழைப்பாளரின் பட்டப்பெயர். நடந்தால் சத்தம் வராது. கணவன் அரைநாள் விடுப்புப் போட்டுவிட்டு வேலைச் சட்டையோடே வந்தான். வரவேற்பில் சத்தம் போடும் பொருள்களையெல்லாம் ஒரு தட்டில் போடச் சொல்வார்கள், போன், வளையல் எதுவானாலும். அவன் இடுப்பு வளையத்திலிருந்து சாவிக்கொத்தைக் கழற்றிப் போட்டான். லிஃப்ட் இயந்திர அறைகளின் சாவிகள், வீட்டுச் சாவி, வண்டிச் சாவி என்று ஒரு கோவில் கதவுக்குப் போதுமான கொத்து. தட்டு அதிர்ந்தது. அவன் குழந்தையோடு அறைக்குள் போக, குரலக்கா கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருட்டில் போய் உட்கார்ந்தாள்.

பூனை சோப்புக் குமிழ்கள் ஊதினாள். சிட்டு கைகளை உதறிக்கொண்டு குமிழ்களைப் பார்த்தாள். பார்த்தாயா என்பதுபோல அப்பாவைத் திரும்பிப் பார்க்கவில்லை. குமிழ்கள் தீர்ந்ததும் பூனையின் மணிக்கட்டைப் பிடித்துப் புட்டியின் மேல் வைத்தாள். பூனை சுவரிலிருந்த பொம்மை முயலைக் காட்டி, அதோ பார் என்றாள். சிட்டு பார்க்கவில்லை. குரலக்காவின் மனம் தன்னிச்சையாகக் குறித்துக்கொண்டே வந்தது. நிறுத்தச் சொன்னாலும் நிற்கவில்லை.

பிறகு பூனை பின்னால் நகர்ந்து, "சிட்டு" என்றாள். அச்சு அசலாகக் குரலக்காவின் குரல். குழந்தை கட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தது. மறுபடி ஒரு முறை. திரும்பவில்லை. அது பரவாயில்லை, அந்நியக் குரல்தானே. முறைப்படி அடுத்தது பெற்றவரின் முறை. பூனை கண் காட்டினாள்.

அவன் நாற்காலியில் முன்னால் சாய்ந்தான். "சிட்டு" என்றான். அவன் குரலில் யாரும் எதையும் துடைத்து எடுத்திருக்கவில்லை. குழந்தை இன்னொரு கட்டையை எடுத்தது. "சிட்டும்மா. ஏ சிட்டு." கட்டைமேல் கட்டை. அவனுடைய கை தானாக இடுப்புக்குப் போனது. அங்கே வெறும் வளையம். கொஞ்ச நேரம் தன் கையையே பார்த்தான். அதற்குப் பிறகு நிமிர்ந்து கண்ணாடியைப் பார்த்தான். அவனுக்கு அதில் தன் முகம்தான் தெரிந்திருக்கும்.

பூனை வெளியே போய்ச் சாவிக்கொத்தைக் கொண்டுவந்து அவனிடம் கொடுத்தாள். எதைச் செய்தாவது கவனத்தை இழுக்கலாம் என்பது கடைசிப் படி. அவன் அதை லேசாகத்தான் குலுக்கினான். சிட்டு அந்தக் கணமே திரும்பினாள். வீட்டில் திரும்புவாளே, அதே அழகுடன். பார்வை சாவிகளில் இருந்தது. அவன் சாவியைத் தன் முகத்துக்கு நேராகத் தூக்கிப்பிடித்தான். அப்போதும் சாவிகளில்தான் இருந்தது.

குரலக்காவுக்கு ஒன்றும் தோன்றவில்லை. ஒரே பக்கமாகப் படுத்துத் தூங்கி எழுந்தால் கை இருக்குமே, தொட்டால் வேறு யாருடைய கையோ மாதிரி, உடம்பு முழுக்க அப்படி இருந்தது. எதிரே தண்ணீர்ப் புட்டி இருந்தது. மூடியைத் திறந்தாள், மூடினாள். குடிக்க வேண்டும் என்று நினைவு வரவில்லை.

டாக்டரம்மா தன் அறையில் இருவரையும் உட்காரவைத்து நிதானமாகப் பேசினார். விளையாட்டு, பார்வை, கை, பேச்சு என்று ஒவ்வொன்றாகச் சொல்லி, ஆட்டிசம்தான் என்றார். சீக்கிரம் தெரிந்தது நல்லது, பேச்சுக்கும் பழக்கத்துக்கும் உதவ ஆள்கள் இருக்கிறார்கள், குழந்தை கற்றுக்கொள்வாள், அவளுக்குரிய வழியில் கற்றுக்கொள்வாள் என்றார். எல்லாம் குரலக்காவுக்கு மனப்பாடம். எந்த இடத்தில் தண்ணீர் நீட்டுவார் என்பதுகூடத் தெரியும், நீட்டினார். அப்போதுதான் அவள் வாயைத் திறந்தாள். அவ பேரை நான் கெடுத்துட்டேன் டாக்டர் என்று தொடங்கி, வாசல்படி, சோபா, பாத்திரம் எல்லாவற்றையும் ஒன்று விடாமல் சொன்னாள். அழாமல், மையத்துக் குரலிலேயே சொன்னாள். கணவன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

டாக்டரம்மா குறுக்கிடாமல் கேட்டார். பெயர் தேய்ந்திருக்கலாம், அதை மீட்டுவிடலாம், ஆனால் இன்று பார்த்தது அதனால் வந்ததல்ல என்றார். பிறகு கொஞ்சம் முன்னால் குனிந்தார்.

"நீங்க எதுவும் தப்பு பண்ணல." அதே சின்ன இடைவெளி. "நீங்க என்ன பண்ணியிருந்தாலும் இது இப்படித்தான் இருந்திருக்கும்."

இத்தனை வருடங்களில் டாக்டரம்மா அவளை நீ என்றுதான் கூப்பிட்டிருக்கிறார். இன்றுதான் முதல் முறையாக நீங்க. அது யாருடைய வாக்கியம் என்பது அவருக்கு நினைவில்லை. இவளுக்கு அறுந்த செருப்பும் அதைப் பிடித்திருந்த கையும் தெரிந்தன. ஆறுதல் என்று நினைத்து இத்தனை நாள் தான் அந்தப் பெண்களின் கையிலிருந்து எதைப் பிடுங்கிக்கொண்டிருந்தோம் என்று புரிந்தது.

"அப்போ நான் மாத்திக்கிறதுக்கு ஒண்ணுமே இல்லையா?" என்றாள்.

டாக்டரம்மா மேசையிலிருந்த பேனாவை எடுத்து அதே இடத்தில் திரும்ப வைத்தார்.

இன்று அவர்களை லிஃப்ட் வரை கூட்டிப்போக வந்தது பூனை. வழியில் பூனை அந்த வாக்கியத்தைச் சொல்லவில்லை, அதற்காகக் குரலக்கா மனதுக்குள் அவளுக்கு நன்றி சொன்னாள். லிஃப்டுக்குள் சிட்டு எரிந்து அணையும் எண்களைப் பார்த்துக்கொண்டு வந்தாள். கணவன் பழக்கதோஷத்தில் காதைத் தீட்டி, கதவு உருளை தேஞ்சிருக்கு, மாத்தினா சரியாயிடும் என்றான். சொன்ன பிறகு அவன் முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. கீழ்த்தளம் வரும்வரை பல்லைக் கடித்துக்கொண்டு நின்றான்.

வீட்டில் வழக்கமான வேலைகள் வழக்கம்போல நடந்தன. விளக்கு போட்டாள், காய்ந்த துணிகளை மடித்தாள், குளியலறையில் வாளியில் வெந்நீர் பிடித்து விளாவினாள். சிட்டு ஓடாத வாஷிங் மெஷினுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். குழந்தையைக் குளிக்கக் கூப்பிட வேண்டும். எத்தனையோ மாதங்களில் முதல் தடவையாக, கூப்பிட ஒரு காரணம் இருந்தது. தண்ணீர் ஆறிவிடும்.

கூப்பிட்டாள். தேய்ந்த பெயரைத்தான் சொன்னாள். வாயிலிருந்து வந்தது மையத்துக் குரல். நிறுத்திவிட்டு, குழந்தை பிறந்த புதிதில் தொட்டிலுக்குமேல் குனிந்து கூப்பிட்ட குரலைத் தேடினாள். அது நிச்சயமாக எங்கேயோ இருந்தது. மறுபடி சொன்னாள். கழுவிய தட்டு மாதிரி அதே குரல்.

பின்னாலிருந்து கணவன் மெல்லக் கேட்டான். "சும்மா கூப்பிடுறியா?"

"இல்லீங்க. தண்ணி ஆறுது."

"அப்போ கிட்ட போயேன்."

அவள் போனாள். பின்னால் நிற்காமல் சுற்றிக்கொண்டு குழந்தைக்கு எதிரே போய், முதுகு மெஷினில் இடிக்கத் தரையில் உட்கார்ந்தாள். சிட்டு முகத்தைப் பார்க்கவில்லை. அவளுடைய மணிக்கட்டைப் பிடித்துத் தூக்கிப் பொத்தானின் மேல் வைத்தாள். மையத்து அட்டையில் இதற்கென்று ஒரு கட்டம் இருக்கிறது, அதில் ஒரு குறி போட வேண்டும். குரலக்கா குறி போடவில்லை. பொத்தானை அழுத்தினாள். துணியே இல்லாத மெஷின் சுற்றத் தொடங்கியது. குழந்தை அதைப் பார்க்க வசதியாக அவள் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தாள். மணிக்கட்டை மட்டும் சிட்டு இன்னும் விடவில்லை, இன்னொரு தடவை தேவைப்படும் என்று வைத்திருந்தாள். அந்தச் சின்னக் கை சூடாக இருந்தது. அது சூடாக இருப்பது அவளுக்குத் தெரிந்தது.

குளியலறையில் தண்ணீர் ஆறிப்போனது. அவள் எழுந்திருக்கவில்லை.